லிட்டருக்கு எவ்வளவு தரும்?

மூன்று சக்கர டூரிங் பைக்கின் மைலேஜ் கணக்கு

புது வண்டி எடுத்தவரிடம் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். என்ன விலை? லிட்டருக்கு எவ்வளவு தரும்? கனடாவிலும் அமெரிக்காவிலும் கேன்-ஆம் ஸ்பைடர் ஆர்டி என்ற மூன்று சக்கர மோட்டார் சைக்கிளை வாங்குகிறவர்களும் இதே கேள்விகளைத்தான் சந்திக்கிறார்கள். முதல் கேள்விக்கு பில்லிலேயே பதில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு, ஒரே மாடல் வைத்திருக்கும் இருவர் ஒரே பதிலைச் சொல்வதில்லை. ஒருவர் 16 கிலோமீட்டர் என்பார். இன்னொருவர் 12ஐத் தாண்டவே இல்லை என்பார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்க முடியும்.

அது எப்படி என்று புரிந்துகொண்டால், வண்டி வாங்கும்போது எதைக் கேட்க வேண்டும், எதை நம்பக் கூடாது என்பது தெளிவாகிவிடும். எந்த வேகத்தில், எந்தச் சோதனை முறையில், எவ்வளவு சுமையோடு அளந்தார்கள் என்று சொல்லாமல் அச்சிடப்படும் மைலேஜ் எண் வாங்குபவருக்கு எந்த விதத்திலும் உதவாது. கார்களுக்கு இந்த விவரத்தைக் கட்டாயமாக்கிய அமெரிக்க அரசு, மோட்டார் சைக்கிள்களை இன்றுவரை விட்டுவைத்திருக்கிறது. பல லட்சம் பேர் ஓட்டும் வாகனத்துக்கு இது சரியல்ல.

பனி நாட்டில் பிறந்த வண்டி

கியூபெக் மாகாணத்தில் இருக்கும் சிற்றூர் வால்கூர். அங்கேதான் ஜோசஃப்-அர்மாண்ட் பொம்பார்டியே 1942ல் பனியில் ஓடும் வண்டிகளைத் தயாரிக்க ஒரு நிறுவனம் தொடங்கினார். 1959ல் அவர் கொண்டுவந்த ஸ்கீ-டூ, பனிப் பிரதேச மக்களின் வாழ்க்கையையே மாற்றியது. 2003ல் தாய் நிறுவனத்திலிருந்து பிரிந்து தனியாக வந்த பிஆர்பி, 2007ல் ஸ்பைடரை அறிமுகம் செய்தது. பனி வண்டிக்கு முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகளும் பின்னால் உந்தித் தள்ளும் ஒரு பட்டையும் இருக்கும். ஸ்பைடரின் அமைப்பும் அதே சாயல்தான்: முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் உந்தும் ஒரு சக்கரம். நம் ஊர் ஆட்டோவைத் திருப்பி வைத்தது போன்ற வடிவம்.

நெடும்பயணத்துக்கென்றே வடிவமைத்த ஆர்டி வகை 2010 மாடலாக வந்தது. முன்பக்க டிக்கி, பக்கவாட்டுப் பெட்டிகள், பின்பெட்டி எல்லாம் சேர்த்து 155 லிட்டர் சாமான் இடம். இருவர் சாய்ந்து உட்கார இருக்கை. பட்டனைத் தட்டினால் ஏறி இறங்கும் முன்கண்ணாடி. டேங்க் 25 லிட்டர். 998 சிசி ரோட்டாக்ஸ் வி-ட்வின் எஞ்சின் 100 குதிரைத்திறன் தந்தது. வண்டி பெயர் வாங்கியது. ஆனால் பெட்ரோல் பங்க்கில் அடிக்கடி நிற்க வேண்டியிருக்கிறது என்ற முணுமுணுப்பும் கூடவே வந்தது. லிட்டருக்கு 12, 13 கிலோமீட்டர் என்பது அந்தக் கால உரிமையாளர்களிடம் பரவலாகக் கேட்ட கணக்கு.

சிசி கூடியது, செலவு குறைந்தது

2014 மாடலில் பிஆர்பி எஞ்சினையே மாற்றியது. மூன்று சிலிண்டர், 1,330 சிசி, 115 குதிரைத்திறன். ஒரு டேங்க்குக்கு 252 மைல், அதாவது 406 கிலோமீட்டர் ஓடும் என்று நிறுவனம் அறிவித்தது. 25 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 16 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது.

சிசி கூடினால் மைலேஜ் குறையும் என்பது நம்மிடம் ஊறிப்போன நம்பிக்கை. இங்கே மூன்றில் ஒரு பங்கு சிசி கூடியும் மைலேஜ் உயர்ந்தது. இதற்குக் காரணம் எஞ்சினின் சுழற்சி வேகத்தில் இருக்கிறது. பழைய வி-ட்வின் நெடுஞ்சாலை வேகத்தைத் தாங்க அதிகமாகச் சுழல வேண்டியிருந்தது. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ, அவ்வளவுக்கு உள்ளுராய்வில் சக்தி வீணாகும். புதிய எஞ்சின் 5,000 ஆர்பிஎம்மில் 130 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. பழையது தந்தது 108. கூடுதல் முறுக்குவிசை கையில் இருப்பதால், ஆறாவது கியரில் குறைந்த சுழற்சியிலேயே அதே வேகத்தில் போக முடிகிறது. ஆக்ஸிலேட்டர் முறுக்கலைப் பதமாக்கும் எகோ மோடும் சேர்ந்துகொண்டது. எஞ்சின் ஆயில் மாற்றும் இடைவெளிகூட 15,000 கிலோமீட்டருக்கு நீண்டது.

2020 மாடலில் ஆர்டி மறுபடி புதுப்பிக்கப்பட்டது. எஞ்சின் அதே 1,330 சிசிதான். டேங்க் 26.5 லிட்டராகவும் சாமான் இடம் 177 லிட்டராகவும் வளர்ந்தன. பெட்ரோல் இல்லாமலே வண்டியின் எடை 460 கிலோவைத் தாண்டும்.

காற்றோடு நடக்கும் சண்டை

நெடுஞ்சாலையில் எஞ்சின் தரும் சக்தியில் பெரும்பங்கைக் குடிப்பது காற்றுதான். இரு சக்கர பைக் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் ஒல்லியான உடம்பு. ஸ்பைடருக்கு முன்னால் இரண்டு சக்கரங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தாங்கும் தண்டுகள், மட்கார்டுகள், அகன்ற மூக்கு, உயர்ந்த கண்ணாடி, அதற்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் இருவர். காற்றின் பார்வையில் இது கிட்டத்தட்ட ஒரு சிறிய காரின் அகலம். ஆனால் காருக்கு இருக்கும் மூடிய, வழுவழுப்பான உடல் இதற்கு இல்லை.

காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மணிக்கு 100 கிலோமீட்டரில் போனவர் 120க்கு மாறினால் வேகம் 20 சதவீதம்தான் கூடுகிறது. காற்றின் தடை 44 சதவீதம் கூடுகிறது. அந்தக் காற்றைத் தள்ள எஞ்சின் தர வேண்டிய திறனோ 73 சதவீதம் கூடுகிறது.

ஒன்டாரியோவின் பெரிய நெடுஞ்சாலைகளில் வேக வரம்பு பெரும்பாலும் 100 அல்லது 110. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் அருகே போகும் 130ஆம் எண் சுங்கச் சாலையின் ஒரு பகுதியில் மணிக்கு 85 மைல் வரை போகலாம். அது 137 கிலோமீட்டர், அந்த நாட்டிலேயே மிக உயர்ந்த வரம்பு. ஒன்டாரியோவில் 100ல் போகும் ஸ்பைடரும் டெக்சாஸில் 137ல் போகும் ஸ்பைடரும் ஒரே நாளில் ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்த இரட்டைப் பிள்ளைகளாகவே இருக்கட்டும். இரண்டாவது வண்டி எதிர்கொள்ளும் காற்றுத்தடை ஏறத்தாழ 87 சதவீதம் அதிகம். ஒருவர் 16 என்பதும் இன்னொருவர் 12 என்பதும் இப்படித்தான் உண்மையாகின்றன.

எதிர்காற்றும் இதே கணக்கில்தான் வரும். கனடாவின் சமவெளி மாகாணங்களில் மேற்கு நோக்கிப் போகிறவர் காற்றை முகத்தில் வாங்குவார்; திரும்பி வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளும். மணிக்கு 20 கிலோமீட்டர் எதிர்காற்றில் 100ல் போவது, காற்றுத்தடையைப் பொறுத்தவரை அமைதியான நாளில் 120ல் போவதற்குச் சமம். போகும்போது ஒரு மைலேஜ், வரும்போது ஒரு மைலேஜ் என்று வந்தால் எஞ்சினில் கோளாறு என்று பதற வேண்டாம்.

டயரும் எடையும்

இரண்டு டயருக்குப் பதில் மூன்று டயர் என்றால் உருளும் தடையும் கூடும். ஸ்பைடரின் பின் டயர் 225 மில்லிமீட்டர் அகலம். முன் டயர்கள் 165. பைக்கின் உருண்டை டயர்போல் இல்லாமல் கார் டயர்போல் தட்டையாகத் தரையில் படிபவை. வளைவில் இந்த வண்டி சாயாது, கார்போலத் திரும்பும் என்பதால் இந்த அகலம் அவசியம். டயரில் காற்று குறைந்தால் ரப்பர் நெளிந்து நெளிந்து சூடாகும். அந்தச் சூடெல்லாம் நாம் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல். முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு காற்றழுத்தம் என்பதால் கையேட்டைப் பார்த்துத்தான் காற்று அடிக்க வேண்டும். கார் கணக்கில் அடிக்கக் கூடாது.

எடை சமதளத்தில் அவ்வளவாகத் தெரியாது, மலையில் தெரியும். வண்டி, பெட்ரோல், இரண்டு பேர், சாமான் எல்லாம் சேர்ந்து 700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதை 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவதற்கு மட்டும், எஞ்சினில் ஆகும் இழப்புகளையும் சேர்த்துப் பார்த்தால், ஏறத்தாழ முக்கால் லிட்டர் பெட்ரோல் தனியாகச் செலவாகும். 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் டென்வர் நகரிலிருந்து, 3,400 மீட்டரில் ராக்கி மலையைத் துளைத்துச் செல்லும் ஐசனோவர் சுரங்கப்பாதைக்கு ஏறினால், ஏற்றத்துக்காகவே ஒன்றேகால் லிட்டருக்கு மேல் போகும். இறங்கும்போது அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். பிரேக்கில் மிதித்த பங்கு போனது போனதுதான்.

இந்த வண்டிக்கென்றே பிஆர்பி விற்ற இழுவைப் பெட்டியில் 622 லிட்டர் சாமான் பிடிக்கும். அதை மாட்டினால் எடையோடு சக்கரங்களும் கூடும், பின்னால் காற்றின் இழுப்பும் கூடும். அந்தப் பயணத்துக்கு நிறுவனத்தின் 406 கிலோமீட்டர் கணக்கை மறந்துவிட வேண்டும்.

புது எஞ்சினைக் கண்டு கலங்க வேண்டாம்

ஷோரூமிலிருந்து வந்த முதல் சில டேங்க்குகளில் மைலேஜ் குறைவாக இருப்பது இயல்பு. புது பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று படிய வேண்டும். கியர்பாக்ஸ், பேரிங், பெல்ட் எல்லாம் இறுக்கம் தளர வேண்டும். புது டயரின் ஆழமான வரிகளுக்கு உருளும் தடையும் சற்று அதிகம். முதல் சில வாரங்களில் ஓட்டுபவரும் வண்டியின் வேகத்தைச் சோதித்துப் பார்க்காமல் இருப்பதில்லை. ரன்னிங்-இன் காலம் முடிந்த பிறகு வரும் எண்ணே அந்த வண்டியின் எண். அதுவரை யாரோடும் ஒப்பிடாமல் இருப்பதே நல்லது.

பெட்ரோலும் காரணமாகலாம். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் சக்தி குறைவு என்பதால் மைலேஜ் சுமார் 3 சதவீதம் இறங்கும். வட அமெரிக்காவில் பெரும்பாலான பங்க்குகளில் கிடைப்பது இந்தக் கலவைதான். வசந்த காலத்தின் குளிர்ந்த காலைகளில் காற்று அடர்த்தியாக இருக்கும். எஞ்சின் சூடாகவும் நேரம் பிடிக்கும். ஏப்ரலில் அளந்த எண்ணையும் ஜூலையில் அளந்த எண்ணையும் பக்கத்தில் வைத்து வருந்துவதில் பயனில்லை.

எந்த காலன்?

‘40 மைல் தருகிறது’ என்று ஒருவர் சொன்னால் உடனே கேட்க வேண்டியது, எந்த காலன் என்பதுதான். அமெரிக்க காலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டர். அமெரிக்கக் கணக்கில் 40 மைல் என்றால் லிட்டருக்கு 17 கிலோமீட்டர். பிரிட்டிஷ் கணக்கில் அதே 40 மைல் என்றால் 14 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். மெட்ரிக் முறைக்கு மாறிய பிறகும் கனடாவில் மூத்தவர்கள் பிரிட்டிஷ் காலனுக்கு எத்தனை மைல் என்ற கணக்கில் பேசுகிறார்கள். எல்லையின் இரண்டு பக்கமும் போய்வரும் ரைடர்களிடம் இதனாலேயே வீண் பெருமையும் வீண் ஏமாற்றமும் நிறைய.

இன்னொரு மயக்கமும் உண்டு. 2008ல் டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக், ஜேக் சோல் இருவரும் ‘சயன்ஸ்’ இதழில் இதை எடுத்துக்காட்டினார்கள். மைலேஜ் எண் கூடும் அளவை வைத்து மக்கள் மிச்சத்தைக் கணக்கிடுகிறார்கள், அது தவறு. நம் கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஒரு வண்டி 12லிருந்து 15க்கு உயர்கிறது. இன்னொன்று 30லிருந்து 33க்கு உயர்கிறது. இரண்டிலும் கூடியது 3 கிலோமீட்டர்தான். ஆனால் 1,000 கிலோமீட்டர் ஓடும்போது முதல் வண்டி மிச்சப்படுத்துவது கிட்டத்தட்ட 17 லிட்டர். இரண்டாவது வண்டி 3 லிட்டர். ஸ்பைடர்போல நிறையக் குடிக்கும் வண்டியில் சிறு முன்னேற்றமும் பெரிய மிச்சம். டொரன்டோவிலிருந்து வான்கூவர் வரை சுமார் 4,400 கிலோமீட்டர் போகிறவருக்கு 13 கிடைத்தால் 338 லிட்டர் வேண்டும். 16 கிடைத்தால் 275 லிட்டர் போதும். மிச்சம் 63 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த ஒரு பயணத்தில் தவிர்க்கக்கூடிய புகை 140 கிலோவுக்கு மேல்.

கனடாவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் ‘100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்’ என்று கேட்கிறார்கள். செலவை நேராகச் சொல்லும் கணக்கு அது.

காருக்கு உண்டு, பைக்குக்கு இல்லை

அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் எரிபொருள் லேபிள் ஒட்டியிருக்க வேண்டும். 1975ல் வந்த எரிசக்திச் சட்டத்தின் விளைவு அது. லேபிளில் இருந்த எண் சாலையில் கிடைப்பதில்லை என்ற புகார் வலுத்தபோது, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008 மாடல்களிலிருந்து முறையைத் திருத்தியது. அதிவேக ஓட்டம், ஏசி, கடும் குளிர் எல்லாம் சோதனையில் சேர்ந்தன. எண்கள் இறங்கின; நம்பகத்தன்மை ஏறியது.

மோட்டார் சைக்கிளுக்கு அப்படி எந்த லேபிளும் இல்லை. புகை அளவுக்காகப் பெரிய பைக்குகளை ஓட்டிப் பார்க்கும் நகரச் சோதனையின் சராசரி வேகம் மணிக்கு சுமார் 31 கிலோமீட்டர். உச்ச வேகம் 91. கண்டத்தைக் கடக்க வாங்கும் வண்டியின் நெடுஞ்சாலைத் தாகத்தைப் பற்றி அந்தச் சோதனை அதிகம் சொல்லாது. ஐரோப்பாவில் வழக்கத்தில் உள்ள உலகளாவிய மோட்டார் சைக்கிள் சோதனையான டபிள்யூஎம்டிசியில் பெரிய வண்டிகளை மணிக்கு 125 கிலோமீட்டர் வரை ஓட்டிப் பார்க்கிறார்கள். ஹோண்டா கோல்டுவிங் போன்ற இரு சக்கர டூரிங் பைக்குக்கு இந்த முறையில் கிடைத்த எண் 100 கிலோமீட்டருக்கு 5.6 லிட்டர், அதாவது லிட்டருக்குக் கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர். எந்தச் சோதனை என்பதைக் குறிப்பிட்டுத் தருவதால் அந்த எண்ணை வைத்து ஒப்பிட முடிகிறது. அதே நேர்மை எல்லா நிறுவனங்களிடமிருந்தும் சட்டப்படியே வர வேண்டும்.

டேங்க் தீரும் இடம்

நெடும்பயணம் போகிறவருக்கு மைலேஜ் பணக் கணக்கு மட்டும் இல்லை. பாதுகாப்புக் கணக்கும் அதுதான். யூட்டா மாநிலத்தில் 70ஆம் எண் இன்டர்ஸ்டேட் சாலையில் சலைனாவுக்கும் கிரீன் ரிவருக்கும் இடையே 170 கிலோமீட்டருக்கு மேல் ஒரு பங்க்கும் கிடையாது. அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலையில் கோல்ட்ஃபுட்டை விட்டால் 386 கிலோமீட்டர் தாண்டி டெட்ஹார்ஸில்தான் பெட்ரோல். 25 லிட்டர் டேங்க்கில் 386 கிலோமீட்டர் ஓட, கடைசிச் சொட்டு வரை எரித்தாலும் லிட்டருக்கு 15.4 கிலோமீட்டர் கிடைக்க வேண்டும். 406 என்ற அறிவிப்பை நம்பிக் கிளம்பியவருக்கு நடைமுறையில் 13தான் கிடைத்தால், 325வது கிலோமீட்டரில் நடுவழியில் வண்டி நின்றுவிடும். தெளிவில்லாத ஓர் எண் மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நீங்களே அளக்கும் முறை

- ஒரே பங்க்கில், ஒரே குழாயில், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி டேங்க்கை நிரப்புங்கள். கையேடு சொல்லும் மட்டத்துக்கு மேல் வழியவிட வேண்டாம்.
- ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். முக்கால் டேங்க் தீர்ந்த பிறகு அதே மட்டத்துக்கு நிரப்பி, ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுங்கள்.
- ஒரு டேங்க்கை வைத்து முடிவுக்கு வராதீர்கள். மூன்று, நான்கு டேங்க்குகளின் மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுத்தால் வருவதே நம்பத்தக்க சராசரி.
- ட்ரிப் மீட்டர் காட்டும் தூரத்தை ஜிபிஎஸ் தூரத்தோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். ஸ்பீடோமீட்டரும் உண்மை வேகத்தைவிடச் சற்று அதிகமாகக் காட்டுவது வழக்கம்; பல நாடுகளின் விதிகள் அதை அனுமதிக்கின்றன, குறைத்துக் காட்டுவதைத்தான் அனுமதிப்பதில்லை.
- ஒவ்வொரு முறையும் வேகம், காற்று, சுமை, ஊர் ஆகியவற்றை நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். அந்த விவரம் இல்லாத எண்ணை அடுத்தவருக்குச் சொல்லாதீர்கள்.

வாங்கலாமா?

பெட்ரோல் செலவைக் குறைக்கத்தான் இந்த வண்டி என்றால், வேண்டாம். அமெரிக்க லேபிள்படி லிட்டருக்கு 21 கிலோமீட்டர் தந்த டொயோட்டா பிரியஸ் கார், ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு இதைவிடக் குறைவாகக் குடித்தது. ஆனால் முழங்கால் தேய்ந்து, கனமான இரு சக்கர வண்டியைச் சிக்னலில் தாங்கி நிற்க முடியாமல் போனவர்கள் பலருக்கு, திறந்த சாலையை மீட்டுத் தந்தது மூன்று சக்கரம்தான். அந்தச் சுதந்திரத்துக்கு அவர்கள் கொடுக்கும் விலை லிட்டருக்குச் சில கிலோமீட்டர்கள். தெரிந்து கொடுத்தால் அது நியாயமான விலைதான்.

ஆகவே இப்போதைய 1,330 சிசி ஆர்டியை வாங்க நினைப்பவர்கள் நிறுவனத்தின் எண்ணை உச்சவரம்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 13 என்று வைத்துப் பயணத்தைத் திட்டமிடுங்கள். 15 வந்தால் மகிழுங்கள். பங்க் அரிதான சாலையில் பாதி டேங்க்கிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மணிக்கு 10 கிலோமீட்டர் குறைத்துப் போவதைவிட மலிவான மைலேஜ் மருந்து எந்தக் கடையிலும் கிடைக்காது. அடுத்த முறை ஷோரூமில் ஒருவர் மைலேஜ் எண்ணைச் சொன்னால், எந்தச் சோதனை, எந்த வேகம், எத்தனை பேர் என்ற மூன்றையும் கேளுங்கள். வாங்குகிறவர்கள் எல்லோரும் கேட்கத் தொடங்கினால், காரின் கண்ணாடியில் இருக்கும் லேபிள் மோட்டார் சைக்கிளுக்கும் வந்தே தீரும்.